டென்னிஸ் எங்கிருந்து வந்தது, அதன் முதல் நட்சத்திரங்கள் யார்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜூன் கடைசியில் விம்பிள்டன் தொடங்கிவிட்டால் போதும், ஃபெடரரா நடாலா ஜோகோவிச்சா என்ற சண்டை மறுபடி கிளம்பிவிடும். அதற்கு நடுவில் யாராவது ஒருத்தர் "சரி, முதல் விம்பிள்டனை ஜெயிச்சது யாரு?" என்று கேட்டால் கூட்டம் அமைதியாகிவிடுகிறது. 1870-களிலிருந்து 1920-கள் வரையான அந்தப் பழைய காலத்தைப் பற்றி வழக்கமாக வருகிற கேள்விகளும் பதில்களும்தான் இது. என் பார்வையில், அந்தக் காலத்து நட்சத்திரங்கள் எல்லோருக்கும் ஒரு பொது அம்சம் உண்டு: முந்தைய ஆளை வீழ்த்த ஒவ்வொருவரும் ஒரு புது வழியைக் கண்டுபிடித்தார்கள், அப்படித்தான் இந்த ஆட்டமே உருவானது.

டென்னிஸைக் கண்டுபிடித்தது யார்?

ஒரே ஒரு பெயர்தான் வேண்டும் என்றால் மேஜர் வால்டர் கிளாப்டன் விங்ஃபீல்ட். 1874 பிப்ரவரியில் பிரிட்டனில் இந்த ஆட்டத்துக்குக் காப்புரிமை வாங்கினார். வலை, கம்பம், மட்டை, பந்து எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் போட்டு 5 கினிக்கு (கினி அக்காலப் பிரிட்டிஷ் பணம்) விற்றார். ஆட்டத்துக்கு 'ஸ்ஃபைரிஸ்டிகே' என்று வாயில் நுழையாத ஒரு கிரேக்கப் பெயர் வைத்தார், அது நிலைக்கவில்லை. அவருடைய ஆடுகளம் உடுக்கை வடிவம், வலைப்பக்கம் குறுகி இரண்டு முனையும் அகன்றிருக்கும்.

ஆனால் அவருக்கு முன்பே, 1860-களில், பர்மிங்ஹாமில் ஹாரி ஜெம் என்ற வழக்கறிஞரும் ஸ்பெயினிலிருந்து வந்து குடியேறிய அவருடைய நண்பர் அகுரியோ பெரேராவும் புல்தரையில் இதே மாதிரி ஒன்றை ஆடிக்கொண்டிருந்தார்கள். இவர்கள் எல்லோருக்கும் பல நூறு வருஷம் முந்தையது, சுவர்களுக்குள் ஆடப்பட்ட பிரெஞ்சு ஆட்டம். முதலில் உள்ளங்கையாலும் பிறகு மட்டையாலும் ஆடினார்கள், இங்கிலாந்தில் எட்டாம் ஹென்றிக்கு அதில் பைத்தியம். ஆக விங்ஃபீல்ட் கண்டுபிடித்தார் என்பதைவிட, பெட்டியில் போட்டு ஊர் ஊராகக் கொண்டு சேர்த்தார் என்பதே நியாயமான பேச்சு. அதுவும் சின்ன வேலை இல்லை.

அப்படியானால் அதுவரை யாரும் ஏன் புல்லில் ஆடவில்லை?

பந்து எழும்பாது, அவ்வளவுதான். பழைய பந்துகள் துணியும் முடியும் வைத்துத் திணித்தவை. கல்தரையில் துள்ளும், புல்லில் போட்டால் அங்கேயே படுத்துவிடும். 1840-களில் சார்லஸ் குட்இயர் ரப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கிப் பதப்படுத்தும் முறைக்குக் காப்புரிமை வாங்கிய பிறகுதான் புல்லிலும் துள்ளுகிற பந்து சாத்தியமானது. இன்னொரு பக்கம், எட்வின் பட்டிங் 1830-லேயே புல்வெட்டும் இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கியிருந்தார். அதற்கு முன் அரிவாளால் அறுத்த புல்லில் பந்து எந்தப் பக்கம் போகும் என்று ஆண்டவனுக்குத்தான் தெரியும்.

வெறும் ரப்பர் பந்து ஈரப் புல்லில் வழுக்கியது. ஜான் ஹீத்கோட் என்பவர் அதன்மேல் ஃபிளானல் துணி சுற்றிப் பார்த்தார், பந்து சொன்ன பேச்சைக் கேட்டது. இன்றைக்குப் பந்தின் மேல் இருக்கும் அந்த ரோமத்துக்கு மூதாதை அதுதான்.

விம்பிள்டன் எப்படித் தொடங்கியது? ஒரு உருளையைப் பழுதுபார்க்கத்தான் நடத்தினார்களாமே?

ஆமாம், பெரும்பாலும் அப்படித்தான். விம்பிள்டன் கிளப் 1868-இல் குரோக்கே ஆட்டத்துக்காக ஆரம்பிக்கப்பட்டது. குரோக்கே என்பது மரச்சுத்தியால் பந்தைத் தட்டி வளையத்துக்குள் நுழைக்கும் ஆட்டம், அப்போது இங்கிலாந்தின் தோட்டங்களில் எல்லாம் அதுதான். அந்த மோகம் இறங்க ஆரம்பித்ததும் 1875-இல் கொஞ்சம் இடத்தை டென்னிஸுக்கு ஒதுக்கினார்கள். 1877-இல் குட்டிக் குதிரை இழுக்கும் தரை உருளை பழுதாகிவிட்டது, சரிசெய்யக் காசு வேண்டும், ஒரு போட்டி நடத்திப் பார்ப்போமே என்று முடிவெடுத்தார்கள்.

ஆளுக்கு ஒரு கினி நுழைவுக் கட்டணம், 22 பேர் சேர்ந்தார்கள், ஆண்கள் மட்டும். குதிகால் இல்லாத காலணி போட்டு வர வேண்டும், மட்டையை அவரவரே கொண்டுவர வேண்டும், பயிற்சிக்குப் பந்து வேண்டுமானால் தோட்டக்காரரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். ஜூலை 9 அன்று தொடங்கிய போட்டியை நடுவில் நிறுத்தி வைத்தார்கள். ஏன் தெரியுமா? லார்ட்ஸ் மைதானத்தில் ஈட்டன், ஹாரோ பள்ளிகளின் கிரிக்கெட் ஆட்டம்! அதோடு மோதினால் டென்னிஸ் பார்க்க யார் வருவார்கள்? கிரிக்கெட் முடிந்த பிறகு மழை வேறு, கடைசியில் இறுதி ஆட்டம் ஜூலை 19-இல் நடந்தது. சுமார் 200 பேர் ஆளுக்கு ஒரு ஷில்லிங் கொடுத்துப் பார்த்தார்கள். கிளப்புக்குச் சுமார் 10 பவுண்டு மிஞ்சியது.

உருளைக் கதையைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அந்தப் போட்டிக்காகக் கூடிய மூன்று பேர் குழு. உடுக்கையைத் தூக்கிப்போட்டுவிட்டு 78 அடி நீளம், 27 அடி அகலம் என்று செவ்வகக் களத்தை வரைந்தவர்கள் அவர்கள்தான். இன்று டிவியில் பார்க்கும் ஒற்றையர் களத்தின் அளவும் அதுதான், ஒரு அங்குலம் மாறவில்லை.

டென்னிஸ் புள்ளிகளை 15, 30, 40 என்று எண்ணுவதும் அவர்கள் வேலைதானா?

உருவாக்கியது அவர்கள் இல்லை, தேர்ந்தெடுத்தது அவர்கள். விங்ஃபீல்ட் ஆட்டத்தில் 15 புள்ளி வரை நேராக எண்ணுவார்கள், சர்வ் போடுகிறவருக்கு மட்டும்தான் புள்ளி. 1877 குழு அதை விட்டுவிட்டுப் பழைய சுவர் ஆட்டத்தின் கணக்கை எடுத்துக்கொண்டது. கடிகார முள்ளைப் பார்த்து வந்தது என்றெல்லாம் கதைகள் உலவுகின்றன, உறுதியான ஆதாரம் ஏதும் இல்லை. ஆட்டத்துக்கு அது நல்ல முடிவு: 0-40 என்று கிடக்கிறவருக்கும் கடைசிப் புள்ளி வரை உயிர் இருக்கிறது.

முதல் சாம்பியன் யார்? அவர் நன்றாக ஆடினாரா?

ஸ்பென்சர் கோர், வயது 27. இறுதியில் வில்லியம் மார்ஷலை 6-1, 6-2, 6-4 என்று சுலபமாக வீழ்த்தினார். நன்றாக ஆடினாரா என்றால், புத்தியோடு ஆடினார்.

அப்போதைய வலை ஓரக் கம்பங்களில் 5 அடி உயரம், நடுவில் தொய்ந்து 3 அடி 3 அங்குலம். ஓரமாக நேராக அடித்தால் வலையில் மாட்டும், அதனால் எல்லோரும் நடுவில் தாழ்ந்த இடத்துக்கு மேலாகக் குறுக்கே அடித்துக்கொண்டிருந்தார்கள். கோர் பார்த்தார், பந்து எப்படியும் இந்த வழியாகத்தான் வரப்போகிறது, பின்னால் நின்று என்ன பயன் என்று முன்னால் வந்து வலைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, தரையில் படும் முன்பே பந்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தட்டிவிட்டார். வாலி என்கிற அடி போட்டிக்குள் வந்தது இப்படித்தான். இது முறையான ஆட்டமா என்று முணுமுணுத்தவர்களும் இருந்தார்கள்.

இதில் வேடிக்கை, கோருக்கு டென்னிஸே பெரிதாகப் பிடிக்கவில்லை. கிரிக்கெட்டும் ராக்கெட்ஸும் (மட்டையால் பந்தைச் சுவரில் அடிக்கும் ஆட்டம்) நன்றாக ஆடுகிறவன் இந்தச் சலிப்பான ஆட்டத்தில் நிலைத்து நிற்பான் என்று தோன்றவில்லை என்று பின்னால் எழுதி வைத்தார். முதல் விம்பிள்டன் சாம்பியன் சொன்னது!

இரண்டாவது சாம்பியன் இலங்கையிலிருந்து வந்தவர் என்பது உண்மையா?

உண்மைதான், ஆனால் இலங்கையர் இல்லை. ஃபிராங்க் ஹேடோ இலங்கையில் தோட்டம் வைத்திருந்த ஆங்கிலேயர், நம் மலையகத் தமிழர்கள் பேச்சில் சொன்னால் ஒரு தோட்டத்துரை. அவர் காலத்தில் மலையகத்தில் காபி இலைநோயில் விழுந்துகொண்டிருந்தது, தேயிலை அப்போதுதான் தலைதூக்கியது. அந்தத் தோட்டங்களில் பாடுபட்டவர்கள் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட நம் மக்கள். துரை லண்டனில் விடுமுறைக்குப் போன இடத்தில் மட்டை எடுத்தார்.

1878 இறுதியில் கோர் வழக்கம்போல் வலைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். ஹேடோ அவர் தலைக்கு மேலே பந்தை உயரத் தூக்கிப் பின்னால் போட்டார். ஓடிப்போய் எடுத்தால் மறுபடி முன்னால் வர வேண்டும், வந்தால் மறுபடி தலைக்கு மேல். 7-5, 6-1, 9-7. ஒரு செட்கூட விடாமல் பட்டம் வாங்கிக்கொண்டு இலங்கைக்குத் திரும்பிப் போய்விட்டார், அடுத்த வருஷம் பட்டத்தைக் காக்க வரவே இல்லை. மறுபடி அவர் விம்பிள்டன் பக்கம் வந்தது 1926-இல், பொன்விழாவில் பழைய சாம்பியன்களுக்குப் பதக்கம் கொடுத்தபோது.

ஒரு பாதிரியாரும் ஒரு கொலைகாரரும் இறுதி ஆட்டத்தில் மோதினார்கள் என்கிறார்களே?

இது கட்டுக்கதை என்று பலர் நினைக்கிறார்கள், இல்லை. 1879 இறுதி. ஜெயித்தவர் ஜான் ஹார்ட்லி, யார்க்‌ஷயரில் ஒரு கிராமத்துப் பாதிரியார். கடைசிச் சுற்றுகள் வரை போவோம் என்று அவர் எதிர்பார்க்கவில்லை, ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்துக்கு மாற்று ஆளும் வைக்கவில்லை. அதனால் சனிக்கிழமை ரயிலேறி ஊருக்குப் போய், ஞாயிறு பிரசங்கம் செய்து, திங்கள் விடிகாலையில் கிளம்பி லண்டன் வந்து, சாப்பிடக்கூட நேரமில்லாமல் நேராகக் களத்தில் இறங்கினார். நல்ல வேளை, நடுவில் மழை வந்தது, டீயும் பலகாரமும் உள்ளே போனதும் தெம்பு வந்து ஜெயித்தார்.

இறுதியில் தோற்றவர் அயர்லாந்துக்காரர் வீர் செயின்ட் லெஜர் கூல்ட். அப்போது கொலைகாரர் இல்லை, அயர்லாந்தின் சிறந்த ஆட்டக்காரர்களில் ஒருவர். பிறகு குடி, சூதாட்டம், கடன் என்று சரிந்து, 1907-இல் மான்டே கார்லோவில் மனைவியோடு சேர்ந்து ஒரு பணக்கார விதவையைக் கொன்ற வழக்கில் மாட்டினார். மார்சேய் ரயில் நிலையத்தில் அவர்களுடைய பெட்டியில் ரத்தக் கசிவைப் பார்த்துப் பிடித்தார்கள். ஆயுள் தண்டனையோடு தென்னமெரிக்கக் கரையோரத்தில் இருந்த டெவில்ஸ் தீவுக்கு அனுப்பப்பட்டு 1909-இல் அங்கேயே செத்துப்போனார்.

சரி, உண்மையிலேயே 'நட்சத்திரம்' என்று சொல்லத்தக்க முதல் ஆள் யார்?

வில்லியம் ரென்ஷா. சந்தேகமே வேண்டாம். அவருக்கு முந்தையவர்கள் விடுமுறைக்கு ஆடியவர்கள், இவர் டென்னிஸை முழுநேர வேலையாக எடுத்துக்கொண்டவர். குளிர்காலத்தில் பிரான்சின் கான் நகருக்குப் போய் இரட்டைச் சகோதரர் எர்னஸ்டோடு பயிற்சி செய்வார். வசதியான குடும்பம், செலவுக்குப் பிரச்சினை இல்லை.

கோர் வலைக்கு வந்தார், ஹேடோ தலைக்கு மேல் தூக்கிப் போட்டார், சரி, அதற்கு மாற்று என்ன? ரென்ஷாவின் பதில் ஸ்மாஷ். வலையோடு ஒட்டி நிற்காமல் நாலடி தள்ளி நின்று, மேலே வரும் பந்தைத் தலைக்கு மேலேயே அறைந்து இறக்கிவிடுவார். பந்து கீழே விழுந்து மேலெழும்பும்போதே அடிப்பதும் அவர் பழக்கம், எதிராளிக்கு மூச்சுவிட நேரம் கிடைக்காது. 1881 இறுதியில் பாவம் நம்ம பாதிரியார் ஹார்ட்லி அவரிடம் மாட்டி 6-0, 6-1, 6-1 என்று 40 நிமிஷத்துக்குள் முடிந்துபோனார். அன்று ஆரம்பித்து 1886 வரை தொடர்ந்து ஆறு பட்டம், பிறகு 1889-இல் ஒன்று, மொத்தம் ஏழு. எர்னஸ்டும் 1888-இல் ஒருமுறை ஜெயித்தார். இதே காலத்தில் வலையின் ஓரங்களையும் தாழ்த்திவிட்டார்கள், அதனால் வலைக்கு வந்தவரைத் தாண்டி ஓரமாக நேராக அடிக்க முடிந்தது. ஆட்டம் இன்றைய முகத்துக்கு வந்தது அப்போதுதான்.

ஒரு விஷயம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்தில் சென்ற வருஷ சாம்பியன் சுற்றுச் சுற்றாக ஆட வேண்டியதில்லை. மற்றவர்கள் அடித்துக்கொண்டு ஒருத்தர் மேலே வருவார், சாம்பியன் அவரோடு ஒரே ஒரு ஆட்டம் ஆடினால் போதும். 1922-இல்தான் அந்த முறை போனது. அதனால் ரென்ஷாவின் ஏழு பட்டங்களையும் பிற்கால அமெரிக்கச் சாம்பியன் பீட் சாம்ப்ராஸின் ஏழு பட்டங்களையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது நியாயம் இல்லை. ஆனாலும் கூட்டம் வந்தது இவர்களைப் பார்க்கத்தான், அது பெரிய விஷயம்.

பெண்கள் எப்போது ஆட ஆரம்பித்தார்கள்?

தோட்டத்தில் ஆரம்பத்திலிருந்தே ஆடினார்கள், விம்பிள்டனில் 1884-இலிருந்து. 13 பேர் கலந்துகொண்ட முதல் போட்டியின் இறுதியில் மோதியவர்கள் அக்காவும் தங்கையும். 19 வயது மாட் வாட்சன் அக்கா லிலியனை 6-8, 6-3, 6-3 என்று ஜெயித்தார். தரையைத் தொடும் பாவாடை, இறுக்கிக் கட்டிய இடுப்புக் கச்சை, தலையில் தொப்பி, இதையெல்லாம் போட்டுக்கொண்டு மூன்று செட் ஆடியிருக்கிறார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் மூச்சு முட்டுகிறது.

லாட்டி டாட் பற்றி ஏன் இவ்வளவு பேசுகிறார்கள்?

15 வயதில் விம்பிள்டன் ஒற்றையர் பட்டம். வருஷம் 1887. மார்ட்டினா ஹிங்கிஸ், போரிஸ் பெக்கர் என்று எத்தனையோ சின்ன வயது அதிசயங்கள் வந்தும் ஒற்றையரில் அந்தச் சாதனை இன்னும் அப்படியே நிற்கிறது. பள்ளிப் பிள்ளை என்பதால் பாவாடை கொஞ்சம் குட்டையாகப் போட அனுமதி இருந்தது, ஓட முடிந்தது. ஆனால் அது மட்டும் காரணமில்லை. மற்ற பெண்கள் பின்கோட்டில் நின்று பந்தைத் திருப்பிக்கொண்டிருந்தபோது இவர் ஆண்களைப் போல வலைக்கு வந்து வாலி, ஸ்மாஷ் அடித்தார். 1888-இல் எர்னஸ்ட் ரென்ஷாவோடு ஒரு காட்சி ஆட்டம் ஆடினார். ஒவ்வொரு கேமிலும் டாடுக்கு 30-0 என்று முன்கூட்டியே முன்னிலை கொடுத்தார்கள், முதல் செட்டை எடுத்துவிட்டார், மற்ற இரண்டையும் 5-7, 5-7 என்று மயிரிழையில்தான் விட்டார்.

1887, 1888, 1891, 1892, 1893 என்று விளையாடிய ஐந்து விம்பிள்டனும் அவருக்கே. 21 வயதில் போதும் என்று விட்டுவிட்டார். விட்டுவிட்டுச் சும்மா இருந்தாரா? இங்கிலாந்துக்காக ஹாக்கி ஆடினார், 1904-இல் பிரிட்டிஷ் பெண்கள் கோல்ஃப் பட்டம் ஜெயித்தார், 1908 ஒலிம்பிக்கில் வில்வித்தையில் வெள்ளி. இத்தனை பேரில் ஒருத்தரைப் பற்றி மட்டும்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் டாடைப் பற்றிப் படியுங்கள்.

அமெரிக்காவில்?

1881-இல் சங்கம் அமைத்து அதே வருஷம் நியூபோர்ட்டில் முதல் தேசியப் போட்டி நடத்தினார்கள். ரிச்சர்ட் சியர்ஸ் என்ற மாணவர் ஜெயித்தார், 1887 வரை தொடர்ந்து ஏழு முறை அவரேதான். 1900-இல் ட்வைட் டேவிஸ் என்பவர் ஒரு வெள்ளிக் கோப்பை கொடுக்க, அதற்காக அமெரிக்கர்கள் பாஸ்டனில் பிரிட்டனோடு மோதினார்கள், அதுதான் டேவிஸ் கோப்பை. முதல் தடவையே அமெரிக்கா 3-0.

ரென்ஷாக்களுக்குப் பிறகு?

கூட்டம் குறைந்தது. 1890-களின் நடுவில் விம்பிள்டனே களையிழந்து கிடந்தது. அதை மறுபடி தூக்கி நிறுத்தியவர்கள் இன்னொரு சகோதர ஜோடி, ரெஜி டோஹர்ட்டியும் லாரி டோஹர்ட்டியும். ரெஜி 1897 முதல் 1900 வரை, லாரி 1902 முதல் 1906 வரை. பெண்களில் சார்லட் கூப்பர் ஐந்து முறை ஜெயித்தார், 1900 பாரிஸ் ஒலிம்பிக்கிலும் தங்கம். 20-களின் நடுவயதிலேயே காது கேட்காமல் போனவர் அவர், பந்து மட்டையில் படும் சத்தத்தை வைத்து வேகத்தைக் கணிக்கிற ஆட்டத்தில்! பிறகு பட்டம் கடல் தாண்டிப் போக ஆரம்பித்தது: 1905-இல் அமெரிக்காவில் வளர்ந்த மே சட்டன், 1907-இல் ஆஸ்திரேலியர் நார்மன் புரூக்ஸ். நியூசிலாந்தின் அந்தோணி வில்டிங் நான்கு முறை ஜெயித்தவர், 1915-இல் முதல் உலகப்போரில் கொல்லப்பட்டார்.

சூசான் லெங்லென் ஏன் தனி அத்தியாயம்?

ஏனென்றால் அவருக்கு முன் டென்னிஸுக்கு சாம்பியன்கள் இருந்தார்கள், உலகம் முழுக்கப் பேர் சொல்கிற ஒரு ஆள் இல்லை. 1919 விம்பிள்டன் இறுதியில் 20 வயது பிரெஞ்சுப் பெண், கையில்லாத மேல்சட்டை, கெண்டைக்கால் தெரிகிற பாவாடை, எதிரில் 40 வயதான ஏழுமுறை சாம்பியன் டோரதியா லாம்பர்ட் சேம்பர்ஸ், பழைய முழுநீள உடையில். லெங்லென் செட் இடைவேளையில் பிராந்தி உறிஞ்சிக்கொண்டே ஆடி, இரண்டு மேட்ச் பாயின்டுகளை (இன்னும் ஒரு புள்ளி போனால் தோல்வி என்ற நிலை) தப்பித்து, 10-8, 4-6, 9-7 என்று ஜெயித்தார். அரசரும் அரசியும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அதற்குப் பிறகு அவர் ஆடுகிற இடமெல்லாம் கூட்டம். பழைய வொர்ப்பிள் சாலை மைதானத்தில் அடைக்க முடியாத அளவுக்கு ரசிகர்கள் பெருகி, 1922-இல் விம்பிள்டன் இன்றைய சர்ச் சாலைக்கு மாறியது. ஆறு ஒற்றையர் பட்டம். 1926 பிப்ரவரியில் கான் நகரில் அமெரிக்காவின் ஹெலன் வில்ஸோடு ஆடிய ஒரே ஆட்டத்தை 6-3, 8-6 என்று ஜெயித்தார், பக்கத்து வீட்டுக் கூரைகளிலும் மரங்களிலும் ஏறிப் பார்த்தார்கள்.

அதே வருஷம் விம்பிள்டனில் ஆட்ட நேரம் பற்றிய குழப்பத்தில் அரசி மேரியைக் காக்க வைத்துவிட்டார். கூட்டம் மாறிப்போனது, அவர் போட்டியிலிருந்து விலகினார், திரும்ப வரவில்லை. காசு வாங்கி ஆடும் தொழில்முறைப் பயணத்தில் சேர்ந்து அமெரிக்கா போனார். என்னை வைத்து மற்றவர்கள் லட்சக்கணக்கில் சம்பாதித்தார்கள், நானோ ஆடுவதற்குக் கட்டணம் கட்டிக்கொண்டிருந்தேன் என்பது அவர் வாதம். எனக்கு அதில் தப்பு ஒன்றும் தெரியவில்லை. 1938-இல் 39 வயதில் இறந்தார்.

காசு வாங்கினால் அப்படி என்ன குற்றம்?

சொத்துள்ளவர்கள் ஆரம்பித்த ஆட்டம், அதனால் காசுக்கு ஆடுவது கௌரவக் குறைச்சல் என்று விதி. காசு வாங்கினால் விம்பிள்டன் உட்பட எல்லாப் பெரிய போட்டிகளும் மூடப்படும். அமெரிக்கச் சாம்பியன் பில் டில்டன் கடைசியில் அந்தப் பக்கம் போனார், தொழிற்கட்சி எம்.பி.யின் மகன் ஃபிரெட் பெரி 1934, 1935, 1936 என்று மூன்று முறை ஜெயித்துவிட்டுப் போனார். ஃபிரெட் பெரியை அன்றைய உள்ளூர்ப் பெரிய மனிதர்கள் தங்களில் ஒருவராகச் சேர்த்துக்கொள்ளவில்லை. 1968-இல்தான் எல்லோரும் ஆடலாம் என்று கதவு திறந்தது. அந்த வருஷ விம்பிள்டனில் ராட் லேவருக்கு 2,000 பவுண்டு, பில்லி ஜீன் கிங்குக்கு 750 பவுண்டு. இந்த வித்தியாசத்தோடு அடுத்த சண்டை ஆரம்பம், அது வேறு கதை.

அந்தக் காலத்தில் இந்தியர் யாருமே இல்லையா?

இருந்தார்கள். 1921-இல் இந்தியா டேவிஸ் கோப்பையில் முதன்முதலாக இறங்கியது, லாகூர் வழக்கறிஞர் முகமது சலீம் அந்தத் தலைமுறையின் பெரிய ஆட்டக்காரர். 1934-இல் லீலா ராவ் விம்பிள்டனில் ஒரு ஆட்டம் ஜெயித்த முதல் இந்தியப் பெண் ஆனார். 1939-இல் கௌஸ் முகமது காலிறுதி வரை போய் பாபி ரிக்ஸிடம் தோற்றார். நம்ம ராமநாதன் கிருஷ்ணன் 1954-இல் விம்பிள்டன் சிறுவர் பட்டத்தையும் ஜெயித்து, 1960, 1961 இரண்டு வருஷமும் அரையிறுதிக்குப் போனார். முதல் தடவை நீல் ஃபிரேசர், இரண்டாவது தடவை ராட் லேவர், இரண்டு பேரும் அந்தந்த வருஷம் பட்டத்தோடுதான் வீட்டுக்குப் போனார்கள்.